வெளிநாட்டுப் பிள்ளைக்குத் தத்துப் பத்திரம் மட்டும் போதாது

வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய. சிலருக்கு இன்றும் ரங்கூனில் சொந்தம் உண்டு. வேறு சிலருக்கு இலங்கையில். அங்கே ஆதரவில்லாமல் நிற்கும் பிள்ளையை இங்கே தத்தெடுக்கலாம் என்று பேச்சு வந்ததும், "சார்பதிவாளர் ஆபீஸில் தத்துப் பத்திரம் போட்டுவிட்டால் முடிந்தது" என்று யாராவது சொல்வார்கள். முடியாது. அந்தப் பத்திரத்தை மட்டும் காட்டி வேறு நாட்டுப் பாஸ்போர்ட் உள்ள பிள்ளைக்கு விசா வாங்க முடியாது, குடியுரிமையும் வாங்க முடியாது.

பிள்ளை இந்தியா வருமுன், அது வாழும் நாட்டின் சட்டப்படி தத்தெடுப்பு அங்கேயே முடிய வேண்டும் என்பது இந்திய விதி. நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான 1993-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் அந்த நாடு இருக்கிறதா என்று ஆரம்பத்திலேயே பாருங்கள். இந்தியா 2003-இல் சேர்ந்தது. இலங்கை இருக்கிறது, மியான்மரும் மலேசியாவும் இல்லை. உடன்படிக்கை நாடு என்றால், டெல்லியில் உள்ள 'காரா' என்ற மத்திய தத்தெடுப்பு வள ஆணையம் உடன்படிக்கையின் 5, 17-ஆம் பிரிவுகளின்படி ஒப்புதல் தரவேண்டும். உங்கள் இல்ல ஆய்வு அறிக்கை, பிள்ளையைப் பற்றிய அறிக்கை, பிள்ளையின் மருத்துவப் பரிசோதனை அறிக்கை ஆகிய மூன்றையும் பார்த்துத்தான் தருவார்கள்.

பலர் சறுக்குவது வரிசையில்தான். 'இவர்கள் வளர்க்கத் தகுதியானவர்கள், பிள்ளை இந்தியாவுக்குள் வந்து நிரந்தரமாக வாழலாம்' என்று உறுதி சொல்வதுதான் 5-ஆம் பிரிவு. ஆகவே பிள்ளையை உங்களிடம் ஒப்படைக்கும் முன்பே அந்த ஒப்புதல் கைக்கு வரவேண்டும். அங்கே கோர்ட் உத்தரவை வாங்கிவிட்டுப் பிறகு காராவிடம் போனால் இரண்டு பக்கமும் சிக்கல். உத்தரவு வந்தபின், உடன்படிக்கைப்படி நடந்தது என்ற 23-ஆம் பிரிவுச் சான்றையும் அந்த நாட்டிலேயே கேட்டு வாங்குங்கள்.

இல்ல ஆய்வுக்குச் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். வீட்டின் அளவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், காகிதத்தைச் சரிசெய்யுங்கள். ஹவுசிங் போர்டு வீட்டு ஒதுக்கீடு தாத்தா பெயரில் இருக்கும். ஒரு ஆவணத்தில் பழைய கதவு எண், இன்னொன்றில் புது எண். ஆதாரில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. கோயிலில் நடந்த கல்யாணம் பதிவாகியிருக்காது. இவற்றை முன்கூட்டியே திருத்தினால் மாதக்கணக்கில் அலைச்சல் மிச்சம். வருமானச் சான்று, மருத்துவச் சான்று, தெரிந்தவர்கள் இருவரின் கடிதங்களும் வேண்டும்.

பிள்ளையைச் சுற்றுலா விசாவில் கூட்டிவந்து இங்கே பார்த்துக்கொள்ளலாம் என்ற யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரகம் தத்தெடுப்பு ஆவணங்களைச் சரிபார்த்து நுழைவு விசா தரும். உள்துறை அமைச்சகத்தின் குடியேற்ற அனுமதியும் அதே தூதரகம் வழியாகத்தான் வரும். உடன்படிக்கையில் இல்லாத நாட்டுப் பிள்ளைக்கும் இந்த இரண்டும் கட்டாயம்.

தத்தெடுத்த மாத்திரத்தில் பிள்ளை இந்தியக் குடிமகன் ஆகிவிடுவதில்லை. 1955 குடியுரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவில், இந்தியக் குடிமக்களின் மைனர் பிள்ளைகளைப் பதிவு செய்ய வழி இருக்கிறது. 18 வயது நிரம்பும் முன் விண்ணப்பியுங்கள். பதிவு முடியும் வரை பிள்ளையின் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டும் விசாவும் காலாவதி ஆகக்கூடாது.