காரின் மேல்துணியும் அப்பாவின் குண்டூசியும்

போன வைகாசியில் ஒரு கல்யாணத்துக்குப் போய் இறங்கினேன். மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற பெரியம்மா என் தலையைப் பார்த்துவிட்டு, "ஏண்டி, கோயிலுக்குப் போயிட்டு வர்றியா? மஞ்சள் கொட்டியிருக்கு பாரு" என்றார். கோயில் மஞ்சளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். கொட்டியது என் காரின் கூரையிலிருந்து. இரண்டு முழம் மல்லிகை வைத்திருந்தேன். அதில் பாதி செங்காவி நிறத்துக்கு மாறியிருந்தது.

கார் 2003 மாடல். 2012-இல் பாண்டியில் ஒருவரிடமிருந்து வாங்கினேன். தானே புயல் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவில் கரையேறியது 2011 டிசம்பர் 30. அதனால், அந்த வண்டியில் எது கெட்டாலும் அப்பாவுக்கு ஒரே காரணம்தான்: "புயல்ல நனைஞ்சத உன் தலையில கட்டிட்டாங்க." ஹாரன் அடிக்காவிட்டாலும் புயல், டயர் பஞ்சரானாலும் புயல். கூரைத் துணி தொங்க ஆரம்பித்தது அதற்குப் பத்து வருஷம் கழித்து. ஆனாலும் புயல்தான்.

முதலில் பின் கண்ணாடி ஓரத்தில் ஒரு சின்ன உப்பல். பிறகு ரூம் லைட்டைச் சுற்றி. மஞ்சக்குப்பத்திலிருந்து பாண்டிக்குத் தினமும் வேலைக்குப் போகிறவள் நான். முள்ளோடை தாண்டிக் கண்ணாடியை இறக்கினால் துணி காற்றில் பந்தல் சீலை மாதிரி உப்பும், கிருமாம்பாக்கத்தில் வேகத்தடைக்கு மெதுவாகப் போனால் தலைமேல் வந்து உட்காரும். பின்னால் வரும் வண்டியைக் கண்ணாடியில் பார்க்கவே முடியாது. துணிதான் தெரியும்.

அப்பா நாற்பது வருஷம் திருப்பாப்புலியூரில் டெய்லராக இருந்தவர். துணி சம்பந்தப்பட்ட எந்தக் கேஸும் அவரிடம்தான் முதலில் போகும். ஒரு டப்பா குண்டூசியைக் கொண்டுவந்து, கோட்டுக்கு லைனிங் பிடிக்கிற மாதிரி வரிசையாகக் குத்திவிட்டார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டு மாதம் தாங்கியது. ஊசிகள் நின்ற இடம் நின்றது, நடுவில் இருந்தது தொங்கியது, மெத்தை தைத்த மாதிரி ஆயிற்று. ஒரு நாள் அரியாங்குப்பத்தில் சிக்னலுக்கு நிற்கும்போது ஒரு ஊசி கழன்று சீட்டில் விழுந்திருக்கிறது. இறங்கி மறுபடி ஏறி உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. அதற்குமேல் விவரம் வேண்டாம்.

அடுத்தது என் யோசனை. மருந்துக்கடையில் சிரிஞ்ச் வாங்கி, வெள்ளைப் பெவிகாலைத் தண்ணீர் விட்டுக் கரைத்து, துணிக்குள் ஏற்றி அழுத்தினேன். வெள்ளைப் பெவிகால் மரத்துக்கும் காகிதத்துக்கும் சரி. வெயிலில் நிறுத்திய காருக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டும், கூரைத் தகடு அதைவிடக் கொதிக்கும். அங்கே அது இளகிவிடும். துணியில் எட்டு இடத்தில் தேமல் மாதிரி கறை மட்டும் மிச்சம்.

கல்யாணத்துக்கு மறுநாள் வேலை முடிந்து வரும் வழியில் ஒரு குஷன் கடையில் நிறுத்தினேன். "கூரைக்கு அடியில இருக்கற அட்டையைக் கழற்ற வேண்டாம் மேடம், பழசு மேலேயே புதுசு ஒட்டிடலாம், ஆயிரத்து எண்ணூறு" என்றார். அவசரமாகப் பேசினார், அது எனக்குப் பிடிக்கவில்லை. இன்னொரு கடையில் பாய் ஒருவர் இருந்தார். அவர் பேசவே இல்லை. தொங்கிய துணியின் ஓரத்தைப் பிடித்து லேசாக இழுத்தார், முழுசாக அவர் கையோடு வந்துவிட்டது. அதன் பின்பக்கத்தைக் கட்டை விரலால் ஒரு தேய்ப்பு தேய்த்துவிட்டு விரலை என்னிடம் காட்டினார். அதே செங்காவி. கெட்டுப்போன சோன்பப்டி மாதிரி பாதி பொடி, பாதி பிசுபிசுப்பு.

"பசை போகலக்கா. நுரை செத்துப்போச்சு."

மூன்று வருஷம் ஊசியும் சிரிஞ்சுமாக நாங்கள் பட்ட பாடு அந்த ஒரு வரியில் விளங்கிவிட்டது. மேலே இருப்பது வெறும் துணி இல்லை. துணியின் முதுகில் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய பாலியூரித்தேன் நுரை ஒட்டியே வரும். அந்த நுரையைத்தான் அட்டையில் ஒட்டுகிறார்கள். வருஷக்கணக்கில் வெயில் சூடும் காற்றின் ஈரமும் சேர்ந்து நுரையை உள்ளுக்குள் அரித்துவிடும். பரணில் போட்டு வைத்த பழைய ஷூவை எடுத்து மாட்டினால் அடிப்பாகம் பொலபொலவென்று உதிருமே, அதுவும் பெரும்பாலும் இதே சரக்கு, இதே நோய். துணி நன்றாக இருக்கும், அட்டை நன்றாக இருக்கும், நடுவில் இருப்பது மாவாகியிருக்கும். மாவின்மேல் எந்தப் பசை பிடிக்கும்? எங்கள் ஊர்க் கடல்காற்று இந்த வேலையைக் கொஞ்சம் சீக்கிரமாகவே முடித்துவிடுகிறது.

பாய் கேட்டது ஐயாயிரத்து ஐந்நூறு, ஆனால் பக்ரீத் முடிந்துதான் முடியும் என்றார். துணி மட்டும் கொடுங்கள், நாங்களே செய்துகொள்கிறோம் என்றேன். சிரித்தார். மீட்டர் 450 ரூபாய் என்று இரண்டேகால் மீட்டரும், ரப்பர் பசை ஒரு டின்னும் கொடுத்தார். "ஒட்டுறது ஒரு மணி நேரம். சுரண்டுறதுதான் வேலை. பொறுமையா பண்ணுங்கக்கா."

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தோம். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, சன் வைசர், ரூம் லைட், கைப்பிடிகள், கதவோரத்து ரப்பர் பீடிங், பில்லர் (கூரையைத் தாங்கும் தூண்) மேல் மூடியிருக்கும் பிளாஸ்டிக் என்று ஒவ்வொன்றாக எடுத்தேன். ஸ்க்ரூக்களை இட்லித் தட்டின் குழிகளில் இடம் வாரியாகப் போட்டு வைத்தேன், இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. (புதுக் கார்களில் பில்லருக்கும் கூரை ஓரத்துக்கும் உள்ளே திரை மாதிரி விரிகிற ஏர்பேக் இருக்கும். அதில் நீங்களாகக் கை வைக்காதீர்கள். என் வண்டியில் அந்த வசதியே கிடையாது.) முன் சீட்டுகளைப் படுக்க வைத்து, அட்டையைப் பின் கதவு வழியாக அப்பாவும் நானும் பிள்ளைத்தாய்ச்சியைத் தாங்குவது போல் தாங்கி வெளியே எடுத்தோம். வளைத்தால் ஒடிந்துவிடும். ஒடிந்தால் அந்தக் கோடு புதுத் துணியிலும் தெரியும்.

மொட்டை மாடியில் போட்டு, முகத்தில் மாஸ்க்கும் தலையில் பழைய துண்டுமாக உட்கார்ந்தேன். பாத்திரம் கழுவும் நைலான் பிரஷ், அவ்வளவுதான் ஆயுதம். கம்பி பிரஷ் போட்டால் அட்டையின் மேல்தோல் உரியும். சுரண்டினால் பொடி பறக்கும், கொஞ்சம் பிரஷிலேயே ஒட்டும், தட்டிவிட்டு மறுபடி. விரலை வைத்து இழுத்தால் நிறம் ஒட்டக் கூடாது, அதுதான் கணக்கு. நான்கு இடத்தில் "போதும்" என்று விட்டேன். நான்கையும் அப்பா விரலால் தொட்டுக் காட்டினார். மூன்றரை மணி நேரம். மாடித் தரை முழுக்கச் செங்காவி, பக்கத்து வீட்டு அம்மா "என்னம்மா மிளகாய்த்தூள் காயப்போட்டியா" என்றார்.

துணிக்கு வந்ததும் அப்பா இருபது வயது குறைந்தவர் ஆகிவிட்டார். கடையில் மிஞ்சிய சூட்டிங் துணியே போதும் என்று முதல் நாள் வரை வாதாடிக்கொண்டிருந்தவர், இதைக் கையில் எடுத்து இரு பக்கமும் இழுத்துப் பார்த்து, "அட, இது நெசவு இல்லம்மா, பனியன் மாதிரி பின்னல். அதான் குழியில இறங்கும்" என்றார். ரூம் லைட் குழி, வைசர் பள்ளம் எல்லாவற்றிலும் துணி இறங்க வேண்டுமென்றால் இழுபட வேண்டும். நெய்த துணி இழுபடாது, குழியின் மேல் கூடாரம் போட்டு நிற்கும். சாக்கட்டியால் நடுக்கோடு போட்டுத் துணியைப் பரப்பி, பாதியை மடித்து வைத்தார். அட்டையிலும் நுரையிலும் பசையை மெல்லிசாகப் பூசினோம். தொட்டால் விரலில் ஒட்டாத அளவுக்குக் காய விட வேண்டும், எங்களுக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் ஆயிற்று. ஈரத்தோடு ஒட்டினால் பசை நுரையைத் தாண்டி மேலே கறையாக வரும். வாடை தலையைச் சுற்றும், திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. அப்பாவின் பீடியைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

அப்புறம் நடுவிலிருந்து ஓரத்துக்கு, உள்ளங்கையால் தடவித் தடவி. குழிகளில் முதலில் விரலால் அமுக்கி, பிறகுதான் சுற்றுப்புறம். ஒட்டியது ஒட்டியதுதான், திரும்ப எடுக்க முடியாது. அப்பா செய்த பாதி கண்ணாடி மாதிரி வந்தது. நான் செய்த பாதியில், பின் சீட்டின் இடது பக்கம், ஒரு சாண் நீளத்துக்கு ஒரு மடிப்பு விழுந்துவிட்டது. அவசரம்தான், மணி ஒன்று, வெயில், பசி. அப்பா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நாற்பது வருஷம் வாடிக்கையாளர் முன்னால் முகத்தைக் காட்டாமல் பழகியவர்.

லைட்டுக்கான துளையை வட்டமாக வெட்டாமல் பெருக்கல் குறி மாதிரி கீறி, நான்கு நாக்கையும் உள்பக்கம் மடித்து ஒட்டினார். ஓரம் சுற்றி ஒரு அங்குலம் பின்னால் மடிப்பு. மறுநாள் வரை காய விட்டு மாட்டினோம். ஒரு ஸ்க்ரூ மிஞ்சியது. எங்கே என்று இன்னும் தெரியவில்லை.

அதற்குப் பின் ஒரு ஐப்பசி மழையும் ஒரு அக்னி நட்சத்திரமும் போயாயிற்று. துணி அசையவில்லை. அப்பா வண்டியில் ஏறினால் பின் சீட்டின் இடது பக்கம்தான் உட்காருகிறார். அந்த மடிப்பைக் கட்டை விரலால் நீவிக்கொண்டே வருவதைக் கண்ணாடியில் பார்க்கிறேன்.

மீந்த துண்டில் தன் தையல் மெஷினுக்கு ஓர் உறை தைத்து வைத்திருக்கிறார், நுரை உள்பக்கம் வரும்படி. ஒரு மடிப்பு கிடையாது.