பதிவேட்டில் கட்டமில்லாத கேள்வி

மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடைப்பட்ட மீனவ கிராமங்களில் கிராம சுகாதார செவிலியராகப் பணிபுரியும் எனக்கு, பிள்ளை பெற்ற வீட்டில் கேட்க வேண்டியவை மனப்பாடம். உதிரப்போக்கு, காய்ச்சல், தையல், தாய்ப்பால், தொப்புள், எடை என்று 42ஆம் நாள் வரை பார்த்து எழுதுவோம். அந்தப் பெண் முன்பு செய்துவந்த வேலைக்குத் திரும்ப நினைக்கிறாளா என்பதை எழுத நான் நிரப்பும் பதிவேட்டில் கட்டம் இல்லை.

எனக்குப் பிள்ளை பிறந்தபோது விடுப்புக்குக் குறைவில்லை. தமிழக அரசு ஊழியர்களுக்கு 9 மாதமாக இருந்த மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை முதல் 12 மாதமாகியிருந்தது. ஆனால், நள்ளிரவிலும் 'நர்சம்மா, வலி வந்திருச்சு' என்று அழைத்த கைப்பேசி மெல்ல ஓய்ந்தது. வந்தவர்கள் தொட்டிலை எட்டிப் பார்த்தார்கள், பால் போதுமா என்று விசாரித்தார்கள், கிளம்பினார்கள். எந்தத் தெருவில் யாருக்கு ரத்தசோகை, யாருக்கு எட்டாம் மாதத்தில் கால் வீக்கம் என்பதையெல்லாம் விரல்நுனியில் வைத்திருந்தவளிடம் பேச, பாலைத் தவிர வேறு விஷயமே இல்லை என்பதுபோல ஆயிற்று. இதனால் பிள்ளைமீது பாசம் குறைவு என்று பொருளில்லை. இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதே எனக்கு எரிச்சல்தான். இது நோயும் அல்ல. இரண்டு வாரங்களுக்கு மேல் நீளும் அழுகையும் பற்றின்மையும் மருத்துவர் பார்க்க வேண்டியவை. எனக்கிருந்தது வேலையை இழந்தவரின் ஏக்கம்.

பணிக்குத் திரும்பிய பின், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தீவுகளைச் சுற்றி முங்கிக் கடற்பாசி எடுக்கும் ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போனேன். தொட்டில் கயிற்றுக்குப் பக்கத்து ஆணியில் அவளுடைய முங்கு கண்ணாடியும், பாறை கிழிக்காமல் விரல்களில் சுற்றிக்கொள்ளும் துணிப் பட்டைகளும் தொங்கின. நாத்தனார் இரவல் கேட்டும் கொடுக்கவில்லையாம். நான் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, "அமாவாசைக்குத் தீவுப் பக்கம் போலாமா நர்சம்மா, தையல் பிரிஞ்சிராதே?" என்று கேட்டாள். காசுக்காகத்தான் போகிறாள் என்று மாமியார் இடைமறித்தார். அதுவும் உண்மைதான். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி தவணைகளாக வருமே தவிர, எனக்குக் கிடைத்ததுபோல மாதச் சம்பளம் அவளுக்கு ஏது? ஆனால், மரிக்கொழுந்துப் பாசி எந்தப் பாறையடியில் தழைத்திருக்கும் என்று அவள் சொல்லத் தொடங்கியதும் குரல் மாறியதை மாமியார் கவனிக்கவில்லை.

உதிரப்போக்கு நின்று, 42ஆம் நாள் பரிசோதனையும் முடியட்டும், அதுவரை கடலில் இறங்க வேண்டாம் என்றேன். அதற்கடுத்த பௌர்ணமி எப்போது வருகிறது என்று நாட்காட்டியில் சேர்ந்தே பார்த்தோம். பீய்ச்சிய பாலை மூடிய பாத்திரத்தில் வைத்து, இங்கத்து வெக்கையில் நான்கு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். படகு திரும்ப அதைவிட நேரமாகும் என்பதால் முதலில் கரையோரம் பாசி ஒதுங்குமிடத்தில் தொடங்கலாம் என்று முடிவாயிற்று.

இப்போது எல்லா வீட்டிலும் அந்தக் கேள்வியைக் கேட்கிறேன். பதில் பெரும்பாலும் மாமியாரிடமிருந்தோ கணவரிடமிருந்தோதான் முதலில் வருகிறது. நான் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி மறுபடியும் கேட்கிறேன். தடுப்பூசியைப் பற்றிப் பேசுவதைவிட இதற்கு அதிக நேரம் பிடிக்கிறது, மாத அறிக்கையில் காட்ட இதற்குக் கணக்கும் கிடையாது.