கடும் மழையும் கடும் காய்ச்சலும்

ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்ற ஆங்கில மொழித் தேர்ச்சிப் பரீட்சைக்கு ஆயத்தமாகத் தொடங்கிய நாட்களில், கடினமான ஆங்கிலப் பெயரடைகளை ஒரு கொப்பியில் எழுதி, எதிரே தமிழ்ப் பொருளையும் குறித்து, நாளொன்றுக்கு 20 சொற்களாக மனனம் செய்தேன். கல்லடிப் பாலத்தைக் கடந்து மட்டக்களப்பு நகரத்து வகுப்புக்குப் போகும் வழியிலும் அவற்றையே முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். எழுத்திலும் பேச்சிலும் சொல்வளத்துக்கென நான்கில் ஒரு பங்கு புள்ளி இருப்பதால், அரிய சொற்களை அள்ளிச் சேர்த்தால் போதும் என்று நம்பினேன்.

முதலாவது பயிற்சிக் கட்டுரையிலேயே அந்த நம்பிக்கை உடைந்தது. நிதானமாக வாகனம் ஓட்டும் ஒருவரை 'மெட்டிக்யுலஸ்' என்று எழுதியிருந்தேன். ஆசிரியை அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். மிகுந்த கவனமுள்ள என்று கொப்பியில் நான் குறித்த பொருளில் பிழையில்லை. ஆனால் அந்தச் சொல் நுணுக்கமான திட்டமிடலுக்கும் ஆய்வுக்கும் பதிவேடுகளுக்கும் உரியது. வீதியில் கவனமாக ஓட்டுபவருக்கு 'கெயார்புல்' என்ற எளிய சொல்லே பொருந்தும்.

அதன் பிறகுதான் தமிழின் 'கடும்' என்ற அடையை எண்ணிப் பார்த்தேன். கடும் மழை, கடும் காற்று, கடும் காய்ச்சல், கடும் போட்டி, கடும் சட்டம் என்று எல்லாவற்றுக்கும் நாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். ஆங்கிலத்திலோ மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ரோங்', காய்ச்சலுக்கு 'ஹை', போட்டிக்கு 'பியர்ஸ்', சட்டத்துக்கு 'ஸ்ட்ரிக்ட்' என்று அது ஐந்தாகப் பிரிந்துவிடுகிறது. இதை எந்தப் பொருள் அட்டவணையும் எனக்குக் காட்டித் தரவில்லை. தமிழிலும் இப்படித்தானே: முதியவரைப் பழைய மனிதர் என்றால் பொருள் வேறாகிவிடும், ஆனால் அது ஏன் என்று யாரும் நமக்குப் பாடம் நடத்தியதில்லை.

அளவைக் காட்டும் சொற்களிலும் தடுமாறினேன். 'டயர்ட்' என்பதோடு 'வெரி' சேரும். அதையும் கடந்த களைப்பைச் சொல்லும் 'எக்ஸோஸ்டட்' என்பதோடு அது சேர்வதில்லை, 'அப்சலூட்லி' என்பதே இயல்பானது. உச்சத்தைத் தன்னுள்ளேயே கொண்ட சொல்லுக்கு மேலும் 'மிக' எதற்கு என்று விளங்கியபோது உண்மையில் மகிழ்ந்தேன்.

பழைய கொப்பியை வைத்துவிட்டு, இப்போது பெயர்ச்சொல்லைத் தலைப்பாக இட்டு, அதனோடு சேரும் பெயரடைகளைக் கீழே எழுதி வருகிறேன். 40 நிமிடங்களில் குறைந்தது 250 சொற்கள் எழுத வேண்டிய கட்டுரையில், இடமறிந்து வைத்த நான்கைந்து பெயரடைகள், பொருந்தாத இருபதை விட மேலானவை என்பது என் உறுதியான எண்ணம். 'வெள்ளம்' என்ற பக்கத்தில் இதுவரை 'சிவியர்', 'டிவாஸ்டேட்டிங்', 'ரிக்கரண்ட்' ஆகிய மூன்றும் இருக்கின்றன. மார்கழி மழையில் வயல்கள் மீண்டும் மீண்டும் மூழ்குவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்த மூன்றாவது சொல்லை மனனம் செய்யத் தேவையே இருக்கவில்லை.