மண் பறக்கும் மாதங்கள்

2009-ஆம் ஆண்டு ஆகஸ்டில், காற்று மண்ணை அரிப்பது பற்றிய முனைவர் பட்ட ஆய்வுக்காக அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தின் லப்பக் நகரில் வந்து இறங்கினேன். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில் பலகைபோல் விரிந்து கிடக்கும் அந்தச் சமவெளியில், கண்ணை நிறுத்திப் பார்க்க ஒரு குன்றுகூட இல்லை. வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், ஓட்டுநர் உரிமம் என எல்லோரும் ஏறும் படிகளில் நானும் ஏறினேன். அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அந்த ஊர் எனக்கு உண்மையில் அறிமுகமானது அடுத்த ஆண்டு வசந்தத்தில், காற்று தொடங்கிய பிறகுதான்.

ஒரு நாள் நண்பகலில் வானம் செம்பழுப்பாக மாறியது. நான் பதறிப்போய்ச் சன்னல்களைச் சாத்திக்கொண்டிருக்க, எதிர்வீட்டுக்காரர் நிதானமாகக் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். அங்கே அதைப் புயல் என்று யாரும் சொல்வதில்லை. ‘மண் பறக்கிறது’ என்பார்கள், அவ்வளவுதான். வானிலை அறிக்கையிலும் வெயில், மழை என்பதுபோலப் பறக்கும் புழுதியும் ஒரு வகையாக இடம்பெறும். சாத்திய சன்னலின் உட்புறத் திட்டில் மறுநாள் காலை மாவு சலித்ததுபோல் ஒரு படலம் படிந்திருந்தது. மாலையில் அந்தப் புழுதியின் ஊடாகவே சில துளி மழை இறங்க, வெளியில் நின்ற கார்களில் எல்லாம் சேற்றுப் புள்ளிகள். சேறு மழையாகப் பெய்யும் என்பதை நான் பாடநூல் எதிலும் அதற்குமுன் படித்ததில்லை.

தமிழில் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் உண்டு: தெற்கே பிறந்தால் தென்றல், வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், மேற்கே கோடை. லப்பக்கில் வேலை பார்க்கும் மண் ஆய்வாளனுக்கு இவற்றில் இரண்டே போதும். பிப்ரவரி முதல் மே வரை, பருத்தி விதைப்பதற்கு முன்பாக வயல் வெறுமையாகக் கிடக்கும் காலத்தில், மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் நாள் முழுக்க அடிக்கும் கோடைதான் மண்ணை அதிகம் நகர்த்துகிறது. குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்போடு வடக்கிலிருந்து சுவர்போல் வரும் வாடை அரிது. ஆனால் புகைப்படங்களில் இடம்பெறுவது அதுவே. எங்கள் துறையைப் பற்றி வெளியில் இருக்கும் தவறான எண்ணங்களில் பாதி இந்தப் புகைப்படங்களால் வந்தவை என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

புழுதியைக் காற்று நேரடியாக அள்ளிக்கொண்டு போகிறது என்றே நானும் வருவதற்கு முன் நினைத்திருந்தேன். ஆனால் மிக நுண்ணிய துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடப்பதால் காற்று அவற்றை எளிதில் பிரிக்க முடியாது. எளிதில் கிளம்புவது ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் அளவுள்ள மணல் மணிகள்தான். அவை எழும்பி, சற்றுத் தூரம் பறந்து, சாய்வாக வந்து விழுந்து, விழுந்த இடத்தில் மற்ற மணிகளையும் நுண்துகள்களையும் தெறிக்கச் செய்கின்றன. துள்ளல் என்று நாங்கள் சொல்லும் இந்த இயக்கமே வயலில் நகரும் மண்ணில் பெரும்பகுதிக்குக் காரணம். தடித்த மணிகள் அடிபட்டு உருள்கின்றன. தெறித்த நுண்துகள்களோ மேலே ஏறி மாநிலம் கடந்து போகின்றன. காற்றின் வேகம் ஒரு வரம்பைத் தாண்டிவிட்டால், நகரும் மண்ணின் அளவு ஏறத்தாழ அந்த வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. ஆகவே வேகம் இருமடங்கானால் மண் இருமடங்காவதில்லை, எட்டு மடங்கை நெருங்குகிறது. லிபியப் பாலைவனத்தில் திரிந்த பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் ரால்ஃப் பேக்னால்ட், 1930-களில் காற்றுச் சுரங்கத்தில் மணலை ஓடவிட்டு இதற்கான அடிப்படையை வகுத்தார்.

இத்தனை கணக்கும் நடக்கும் இடம் முழங்காலுக்குக் கீழேதான். ஆகையால் என் வேலையும் அங்கேயே இருந்தது. வயலில் கம்பம் நட்டு, அதில் வெவ்வேறு உயரங்களில் ஆப்பு வடிவத் தகரப் பெட்டிகளை மாட்டுவோம். பின்னால் இருக்கும் வால் பெட்டியின் வாயை எப்போதும் காற்றை நோக்கித் திருப்பும். உள்ளே புகும் காற்று வேகம் குறைந்து மேலிருக்கும் வலை வழியாக வெளியேற, மண் அடியில் தங்கிவிடும். இதன் பெயர் ‘பிக் ஸ்பிரிங் எண் எட்டு’. லப்பக்கிற்குத் தெற்கே உள்ள பிக் ஸ்பிரிங் ஊரின் ஆய்வு நிலையத்தில் ஃபிரைரியர் என்ற விஞ்ஞானி உருவாக்கி 1986-இல் வெளியிட்ட கருவி அது. எட்டு என்ற அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அதற்கு முன்னால் இருந்த ஏழு எண்களையும் நினைத்துக்கொள்வேன்.

2010-இல் மழை நன்றாகப் பெய்ததால் பெட்டிகளில் விழுந்தது கொஞ்சமே. ஜூன் மாதத்தில் ஓர் இரவு நல்ல மழை. மறுநாள் வயலுக்குப் போனால் என் கம்பங்கள் நான்கும் மண்ணில் சாய்ந்து கிடந்தன. ஒரு பெட்டி தட்டையாக நசுங்கியிருந்தது. நிலத்துக்காரர் வந்து, சற்றும் வருத்தம் காட்டாமல் காரணத்தை விளக்கினார். மழை பெய்தால் அந்த மணல் கலந்த மண்ணின் மேற்பரப்பு வழவழப்பான ஓடாக இறுகிவிடும். அதன்மேல் உதிரியாகக் கிடக்கும் மணல் மணிகள் காய்ந்த சில மணி நேரத்தில் துள்ளத் தொடங்கி, இரண்டு இலை விட்ட பருத்திக் கன்றுகளை உப்புத்தாள் தேய்த்ததுபோல் அறுத்துவிடும். அதனால் டிராக்டர் இறங்கும் அளவுக்கு ஈரம் வற்றியதுமே, நள்ளிரவானாலும், ‘சாண்ட் ஃபைட்டர்’ என்னும் முள் உருளைக் கருவியை ஓட்டி, இறுகிய அந்த மேற்பரப்பை உடைத்துக் கட்டிகளைக் கிளப்பிவிட வேண்டும். மணலோடு சண்டையிடும் அந்த இரவில் மாணவன் ஒருவனின் கம்பங்கள் அவர் கண்ணில் படவில்லை. மேற்பரப்புச் சொரசொரப்பு என்ற தலைப்பில் நூறு பக்கம் படித்திருந்த நான் அதன் பயனை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

அந்தச் சொரசொரப்பைச் சமன்பாட்டுக்குள் கொண்டுவந்ததில் சேப்பில் என்பவருக்குப் பெரும் பங்குண்டு. கனடாவின் ஸ்விஃப்ட் கரன்ட்டில் ஆய்வைத் தொடங்கிப் பிறகு கான்சாஸ் மாநிலத்தின் மன்ஹாட்டனுக்கு வந்தவர். அவருடைய பணியின் மீது எழுந்த காற்று அரிப்புச் சமன்பாடு 1965-இல் வெளியானது: மண்ணின் தன்மை, மேற்பரப்புச் சொரசொரப்பு, காலநிலை, வயலின் நீளம், பயிர்மூடல் என ஐந்து காரணிகள். காலநிலைக்குக் கான்சாஸின் கார்டன் சிட்டியை 100 என்று வைத்துக்கொண்டு மற்ற ஊர்களை அதனோடு ஒப்பிட்டார்கள். அதற்கும் முன்னால் 1935 ஏப்ரல் 14 இருக்கிறது. ‘கறுப்பு ஞாயிறு’ என்று இன்றும் சொல்லப்படும் அந்தப் புழுதிப் புயலுக்கு இரண்டு வாரத்துக்குள், ஏப்ரல் 27 அன்று, மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதற்காக வாதாடிய ஹியூ பென்னட்டின் பெயர் எங்கள் ஆய்வகப் பேச்சில் அடிக்கடி வரும். எங்கள் துறைக்குப் பஞ்ச காலமே அறுவடைக் காலம். மழை நன்றாகப் பெய்யும் ஆண்டுகளில் ஆய்வு நிதியும் வற்றிவிடும் என்பதைச் சற்றுக் கூச்சத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்று: லப்பக்கைச் சுற்றியுள்ள வயல்மண்ணே காற்று கொண்டுவந்து போட்டதுதான். பிளாக்வாட்டர் டிரா என்று நிலவியலாளர் அழைக்கும் அந்தப் படிவு, பனியூழிக் காலத்தில் படிப்படியாக வந்து சேர்ந்தது. புலம்பெயர்ந்தோர் கூடும் இடங்களில் இதைச் சொன்னால் உடனே யாராவது உவமையாக்கிவிடுகிறார்கள். எனக்கு அது மண்ணின் வரலாறு மட்டுமே. வந்த மண் மறுபடி போகக்கூடியது என்பதைத்தான் அதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

2011-இல் டெக்சாஸ் தன் பதிவுகளிலேயே மிகக் கடுமையான ஓராண்டு வறட்சியைக் கண்டது. மானாவாரிப் பருத்தியில் பெரும்பகுதி கைவிடப்பட்டு, நிலம் மூடல் இல்லாமல் கிடந்தது. அக்டோபர் 17 மாலையில் வாடை வந்தது. நான் காரில் இருந்தேன். வடக்கே செந்நிறச் சுவரொன்று எழுந்து வருவதைப் பார்த்து, சாலையை விட்டு முழுவதும் விலகி நிறுத்தினேன். விளக்குகளை அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். பின்விளக்கு எரிந்தால் பின்னால் வருபவர் அதைச் சாலை என்று நம்பி வந்து மோதுவார் என்பது இங்கு எல்லோருக்கும் தெரிந்த பாடம். சில நிமிடங்கள் என் கை எனக்குத் தெரியவில்லை. ஆண்டு முழுவதும் புழுதிக்காகக் காத்திருந்தவன்தான். எனினும் அந்த இருட்டுக்குள் பெட்டிகளில் எவ்வளவு சேர்ந்திருக்கும் என்ற நினைவு ஒருமுறைகூட வரவில்லை.

பட்டம் முடிந்த பின்னும் இங்கேயே தங்கிவிட்டேன். அதே வயலில் இப்போதும் கம்பங்கள் நிற்கின்றன. அறுவடைக்குப்பின் ‘ரை’ என்னும் குளிர்காலத் தானியத்தை விதைத்து மூடிய பாதியையும், வெறும் பாதியையும் ஒப்பிட்டு எடை போடுகிறோம். அந்த நிலத்துக்காரர் என்னை ஆலோசனைக்காக அழைப்பதில்லை. அதற்கான தேவை அவருக்கு இல்லை. ஜூன் மாதத்தில் மழை விட்ட இரவுகளில் மட்டும் கைப்பேசி ஒலிக்கும். எந்த முனையிலிருந்து ஓட்டத் தொடங்கப்போகிறார், என் முதல் கம்பத்துக்கு எத்தனை மணிக்கு வந்து சேருவார் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். நான் ரப்பர் காலணியையும் கைவிளக்கையும் எடுத்துக்கொண்டு கிளம்புவேன்.