லிஸ்ட்டில் இருக்கிற ஆஸ்பத்திரி

அன்றைக்கு நான் சொன்னது பொய் இல்லை. ஒன்றரை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான். "லிஸ்ட்ல இருக்குங்க ஐயா" என்றேன். இருந்தது. எங்கள் கார்டுக்குச் சிகிச்சை கொடுக்க ஒப்பந்தம் போட்ட ஆஸ்பத்திரிகளின் லிஸ்ட், கவுன்டருக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த தாள். அதில் ஆறாவது பெயர்.

ஆனால் எதிரில் நின்ற பெரியவர் கேட்டது அதை இல்லை. "அங்க எடுத்துக்குவாங்களா தம்பி?" என்று கேட்டார்.

2024 பிப்ரவரி. இசிஎச்எஸ் என்றால் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டம். அதன் பாலிகிளினிக்கில் வேலை பார்க்கிறவர்களுக்கும், மாதாமாதம் மாத்திரை வாங்க வருகிறவர்களுக்கும் பிப்ரவரி, மார்ச் எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. நிதியாண்டு முடிகிற நேரம், ஆஸ்பத்திரி பில்லுக்கான பணம் வற்றிப்போயிருக்கும். மூன்று நாள் முன்னால் அந்த ஆஸ்பத்திரியின் பில்லிங் பிரிவிலிருந்து எனக்கு போன் வந்திருந்தது. "சார், எட்டு மாச பில் நிக்குது. எமர்ஜென்சின்னா பாக்குறோம். மத்த கேஸ் எதுவும் இப்ப அனுப்பாதீங்க, மேனேஜ்மென்ட் கோபமா இருக்காங்க." ஒரு லெட்டர் கொடுங்கள் என்றேன். "லெட்டர் எப்படி சார் தர முடியும், உங்களுக்குத் தெரியாததா?" என்றார். தெரியும். கார்டோடும் ரெஃபரலோடும் வருகிறவரிடம் பணம் கேட்கக் கூடாது, திருப்பி அனுப்பவும் கூடாது என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தால் அவர்கள் மாட்டிக்கொள்வார்கள். அதனால் இந்த மாதிரி சேதியெல்லாம் வாய்வழியாக மட்டும்தான் வரும்.

ஓஐசி சாரிடம், அதாவது பாலிகிளினிக்கின் பொறுப்பு அதிகாரியிடம், சொன்னேன். "எழுத்துல வராத வரைக்கும் நம்ம கணக்குல அந்த ஆஸ்பத்திரி நடக்குது" என்றார். அவர் சொன்னதிலும் தப்பு சொல்ல முடியாது. நாமாக அங்கே போகாதீர்கள் என்று சொல்ல ஆரம்பித்தால், நாங்கள் மறுக்கவே இல்லை, பாலிகிளினிக்தான் ஆளை அனுப்பவில்லை என்று நாளைக்கு அவர்களே சொல்லலாம்.

சரி, அந்தக் கேள்வி கேட்டவரைப் பற்றிச் சொல்கிறேன். குப்பம் பக்கத்து கிராமம். வீட்டில் தமிழ், வெளியே வந்தால் தெலுங்கு. 1968-ல் ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தவர். 1971 பாகிஸ்தான் போரில் ஷகர்கர் பக்கம் கண்ணிவெடி அகற்றப் போனவர். ஹவில்தாராக 1989-ல் வெளியே வந்தார். சாப்பர்ஸ்காரர்களுக்குத் 'தம்பி' என்பது சாதாரண வார்த்தை இல்லை, ரெஜிமென்ட்டில் அவர்களுக்கு இருக்கிற பெயரே அதுதான். அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடும்போது வயதுக்காகக் கூப்பிடுகிறாரா, நானும் பட்டாளத்தில் கிளார்க்காக இருந்தவன் என்பதால் தன் ஆட்களில் ஒருவனாக எண்ணிக் கூப்பிடுகிறாரா என்று எனக்குத் தெரிந்ததில்லை. இரண்டாவதாக இருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது.

நாலு எட்டு நடந்தாலே நெஞ்சைப் பிடிக்கிறது என்று வந்திருந்தார். எங்கள் டாக்டர் ஈசிஜி பார்த்துவிட்டு இதய டாக்டரிடம் போக ரெஃபரல் எழுதினார். எந்த ஆஸ்பத்திரி என்று பேஷன்ட்தான் சொல்ல வேண்டும். அவர் அந்த ஆறாவது பெயரைச் சொன்னார். மகள் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறாள், அங்கே படுத்தால் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்க வசதி என்றார். அதற்கப்புறம்தான், கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே, அந்தக் கேள்வி.

நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னேன். இது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வாரம்தான் இடைக்கால பட்ஜெட் வந்திருந்தது. இசிஎச்எஸ்ஸுக்கு 6,968 கோடி, போன வருடத்தைவிட 28 சதவீதம் கூடுதல். அதற்கு முந்தைய பட்ஜெட்டில் 5,431 கோடிதான். ஒரு ரிட்டயர்டு சுபேதார் சாப் அந்தச் செய்தியைக் கத்தரித்துக் கொண்டுவந்து நோட்டீஸ் போர்டில் குத்திவிட்டுப் போயிருந்தார். சரியாக லிஸ்ட்டுக்கு மேலே. இவர் ரெஃபரல் பிரின்ட் வரும்வரை அதை நின்று படித்தார். "நமக்கு நெறையவே ஒதுக்கியிருக்காங்க போல" என்றார்.

ஆமாம் என்றேன். அதுவும் பொய் இல்லை. ஆனால் அது ஏப்ரல் 1-ந் தேதிக்கு மேல் செலவு செய்யும் பணம். இவர் நெஞ்சுவலியோடு நின்றது பிப்ரவரியில். ஆஸ்பத்திரிக்காரன் பில்லை ஆன்லைனில் ஏற்றி, அதைச் சரிபார்க்கிற நிறுவனம் ஒவ்வொரு வரியாகப் பார்த்து, கேள்வி கேட்டு, வெட்டி, அப்புறம் ரீஜினல் சென்டர், தொகை பெரிதானால் அதற்கும் மேலே என்று போய், கடைசியில் அந்தக் கணக்கில் அந்த வருடத்துப் பணம் மிச்சம் இருந்தால்தான் பட்டுவாடா. அறுபது லட்சத்துக்கும் மேல் ஆட்கள் இந்தத் திட்டத்தில் இருக்கிறார்கள். 2003 ஏப்ரலில் தொடங்கியபோது ஐம்பது வயதில் கார்டு வாங்கியவருக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. அன்றைக்கு இருமல் மருந்து, இன்றைக்கு டயாலிசிஸ். பணம் ஒதுக்கவே இல்லை என்று சொன்னால் அது அநியாயம். 2025-26-க்கு 8,317 கோடி என்று இன்னும் ஏற்றியிருக்கிறார்கள். ஆனால் டெல்லியில் ஒதுக்குகிற கோடிக்கும் ஆஸ்பத்திரி கவுன்டரில் உட்கார்ந்திருக்கிற பெண் "உள்ள வாங்க" என்று சொல்வதற்கும் நடுவில் பல மாதங்கள் கிடக்கின்றன. எங்கள் உத்தியோகமே அந்த மாதங்களுக்குள்தான் நடக்கிறது.

ஆஸ்பத்திரியைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. அது பெரிய கார்ப்பரேட் இல்லை. பல சிகிச்சைகளுக்கு 2014-ல் போட்ட சிஜிஎச்எஸ் விலையை, அதாவது மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டத்தின் விலையைத்தான் அன்றுவரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதையும் எட்டு மாதம் கழித்து வாங்குவதென்றால் நர்சுக்குச் சம்பளம் எதில் கொடுப்பான்?

அவர் போனார். ரெஃபரலைக் காட்டியதும், சிஸ்டம் வேலை செய்யவில்லை, இப்போதைக்கு நாற்பதாயிரம் அட்வான்ஸ் கட்டுங்கள் என்றிருக்கிறார்கள். தமிழ்நாடு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். ரேஷன் கார்டே ஆந்திராவில் இருக்கிறவருக்கு அது எங்கே இருக்கும்? ஆந்திர அரசின் ஆரோக்யஸ்ரீ காப்பீடும் அவரிடம் இல்லை. மகள் சங்கிலியை அடகு வைத்தாள். இரண்டு நாளில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். "இலவச கார்டுன்னா இப்படித்தான் இருக்கும் மாமா" என்று மருமகன் சொன்னாராம். 1996-க்கு முன்னால் ஓய்வு பெற்றவர்கள் இந்தத் திட்டத்துக்குச் சந்தா கட்ட வேண்டியதில்லை. இவரும் கட்டவில்லை. அதைத்தான் இலவசம் என்றிருக்கிறார். நடந்ததையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை அவர் குரல் மாறவே இல்லை, இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்திவிட்டு மேலே சொன்னார்.

இது மார்ச்சில், பில்லோடு திரும்பி வந்தபோது. கட்டிய பணத்துக்கு எழுதிப் போட்டோம். வந்தாலும் சிஜிஎச்எஸ் விலைக்குத்தான் வரும், முழுசாக வராது. நான் தலையைக் குனிந்தபடி ஃபாரம் நிரப்பிக்கொண்டிருந்தேன். அவர் சுவரைப் பார்த்துவிட்டு, "லிஸ்ட்ல இருந்துச்சு தம்பி. நீங்க சரியாத்தான் சொன்னீங்க" என்றார்.

குத்திக்காட்டினாரா, ஆறுதல் சொன்னாரா, இன்றுவரை பிரிக்க முடியவில்லை.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பதில் தயாராக வருகிறது. பலமநேர் பக்கத்திலிருந்து, பட்டாளத்தில் நாயக்காக இருந்த ஒருவர் வந்துகொண்டிருந்தார். அதற்கு முந்தைய வருடம், இதே பிப்ரவரி, கிட்டத்தட்ட இதே நிலைமை. அவரிடம் நான் உண்மையைச் சொன்னேன். இப்ப போனா பணம் கேப்பாங்க, ஏப்ரல்ல வாங்க, இல்லைன்னா வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தி எழுதித் தரச் சொல்றேன் என்றேன். "அப்புறம் பாத்துக்கலாம் சார், மாங்கா சீசன் வேற வருது" என்று கிளம்பிவிட்டார். ஏப்ரலில் அவர் வரவில்லை. ஜூனில் அவர் மனைவி வந்தார், கார்டில் பெயர் எடுக்க.

ஆகவே, நான் யாரிடம் உண்மையைச் சொன்னேனோ அவர் இறந்துபோனார், யாரிடம் சொல்லாமல் அனுப்பினேனோ அவர், மகள் சங்கிலியை அடகு வைத்தாலும், உயிரோடு இருக்கிறார். இதை நான் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன், கூட வேலை செய்கிற ஃபார்மசிஸ்ட்டிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேரும், நீங்க செஞ்சது சரிதான் என்றார்கள்.

ஆனால் "லிஸ்ட்ல இருக்குங்க ஐயா" என்று வாய் திறந்த அந்த நேரத்தில் எனக்கு பலமநேர்க்காரர் ஞாபகம் வந்ததா? எவ்வளவு யோசித்தும் வந்ததாகச் சொல்ல முடியவில்லை. அவர் ஞாபகம் எனக்கு மார்ச்சில்தான் வந்தது, இவர் பில்லை நீட்டியபோது. பிப்ரவரியில் என் மனதில் இருந்தது வேறு. ஓஐசி சார் சொன்ன வார்த்தை இருந்தது. வெளியே பெஞ்சில் காத்திருந்த பதினெட்டுப் பேர் இருந்தார்கள். என் கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற ஃபைல் அந்த மாதம் மேலே போயிருந்ததும் இருந்தது. எதற்கு வம்பு என்று நினைத்தேனா? அப்படி ஒரு வாக்கியமாக நினைக்கவில்லை. ஆனால் கண் கம்ப்யூட்டரை விட்டு எழவில்லையே.

இன்னொன்றும் இருக்கிறது. பெங்களூரில் கமாண்ட் ஹாஸ்பிடல் இருக்கிறது. பட்டாளத்து ஆஸ்பத்திரி, பில் பேச்சே கிடையாது. படுக்கை கிடைப்பது கஷ்டம்தான், கிடைத்தால் அட்வான்ஸ் கேட்க ஆள் இல்லை. குப்பத்திலிருந்து ரயில் ஏறினால் ஆம்பூருக்குப் போகிற மாதிரி அந்தப் பக்கம் பெங்களூருக்கும் போகலாம், அவருக்கு சாப்பர்ஸ் சென்டர் இருக்கிற பழகிய ஊர். டாக்டரிடம் சொல்லி அங்கே எழுதச் சொல்லியிருக்கலாம். மகள் ஆம்பூரில் இருக்கிறாள் என்று அவர் சொன்னதை அவர் விருப்பமாக எடுத்துக்கொண்டேன். பேஷன்ட் விருப்பத்தை மாற்ற கிளார்க்குக்கு என்ன அதிகாரம்? இந்தக் கேள்வியையும் நான் அப்புறம்தான் கண்டுபிடித்தேன் என்று சந்தேகமாக இருக்கிறது.

இப்போதெல்லாம் ஆஸ்பத்திரிக்காரர்கள் போனில் சொல்வதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவைக்கிறேன். யாராவது கேட்டால் அவர்கள் எதிரிலேயே போன் போடுகிறேன். போன வாரம் பேரணாம்பட்டிலிருந்து ஒரு அம்மா வந்தார், வீட்டுக்காரர் இறந்து நாலு வருடம் ஆகிறது, கர்ப்பப்பையில் கட்டி. அதே கேள்வி. போன் போட்டேன். "அனுப்புங்க சார், பாக்கலாம்" என்றார்கள். அதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

"பாக்கலாம்னா, போலாமா வேணாமா சார்?"

"போங்கம்மா" என்றேன். இந்தத் தடவை முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். ரெஃபரல் தாளின் பின்னால் என் செல் நம்பரை எழுதிக் கொடுத்து, பணம் கேட்டால் கட்டுவதற்கு முன்னால் எனக்குக் கூப்பிடுங்கள் என்றேன். கூப்பிட்டால் என்ன செய்வேன் என்று யோசித்து வைக்கவில்லை.

இன்னும் கூப்பிடவில்லை. எடுத்துக்கொண்டிருப்பார்கள். இல்லை, அந்தத் தாளைக் கவுன்டரிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்களோ என்னவோ.