பொட்டல் காடும் பொங்குற கடலும்: பெரு நாட்டுல பராக்காஸ்

பெரு போனேன்னு சொன்னதும் எல்லாரும் மச்சு பிச்சு போட்டோதான் கேக்கறாங்க, அத இன்னொரு நாள் எழுதறேன், எனக்கு மனசுல நின்னது பராக்காஸ்ங்கற கடலோரப் பாலைவன ஊர்தான். லிமாவுல இருந்து தெக்க ஒரு 250 கிலோமீட்டர், பஸ்ல நாலு மணி நேரம். வழியில ஆத்துத் தண்ணி பாயற இடத்துல மட்டும் கொஞ்சம் பச்சை, அத தாண்டினா பொட்டல். அங்க இருக்கற தேசிய ரிசர்வ் (பாதுகாக்கற இயற்கைப் பகுதி) உள்ள போயிட்டா அந்தப் பச்சையும் கிடையாது. புல்லு இல்ல, முள்ளு இல்ல, வருஷத்துக்கு நாலஞ்சு மில்லிமீட்டர் மழை பெஞ்சாலே பெருசு.

மறுநாள் காலைல பாலெஸ்டாஸ் தீவுகளுக்கு போட்ல போனோம். ரெண்டு மணி நேர ரவுண்டு, தீவுல இறங்க விடமாட்டாங்க. பாறை மேல கருப்பா என்னமோ பூசி வச்ச மாதிரி இருந்துச்சு, கிட்டப் போனா அத்தனையும் நீர்க்காகம்! நடுநடுவுல கூழைக்கடா, கீழ கடல் சிங்கம் கத்துது, ஒரு ஓரமா பென்குயின் வேற. நாத்தம் பத்தி சொல்லவே வேணாம்.

ஒரு புல்லு முளைக்காத ஊர்ல இத்தனைக்கும் சாப்பாடு எங்கேந்து வருது? தண்ணியப் பாத்தாலே தெரியும், கலங்கலா பச்சையா இருக்கும். டூர் விளம்பரத்துல காட்டற கண்ணாடி நீலக் கடல் இருக்கே, அது அவ்ளோ தெளிவா இருக்கறதே உள்ள பாசி கம்மிங்கறதாலதான். கடல்ல செத்து மக்கற சத்தெல்லாம் ரசத்துல பருப்பு தங்கற மாதிரி அடியில போயிடும், வெயில் மேல, உரம் கீழ. பெருவுல தெற்கேந்து கரையோரமா அடிக்கற காத்து, பூமி சுத்தறதால மேல்தண்ணிய நடுக்கடல் பக்கம் தள்ளிடுது, அந்த இடத்துக்கு கீழேந்து ஜில்லுனு தண்ணி நைட்ரேட்டும் பாஸ்பேட்டுமா ஏறி வருது. இதத்தான் அப்வெல்லிங்னு சொல்றாங்க. உடனே நுண்பாசி பெருகும், அத நம்பி நெத்திலி, நெத்திலிய நம்பி பறவை. நம்ம கேரளா கடலோரத்துலயும் தென்மேற்குப் பருவத்துல இது நடக்குது, மத்தி அள்ளிக்கிட்டு வர்றதுல அதுக்கும் பங்கு உண்டு.

இதுல வேடிக்கை என்னன்னா கரை காஞ்சு கெடக்கறதுக்கும் அதே ஜில் தண்ணி ஒரு காரணம். கடல் மேல இருக்கற காத்து குளுந்து கீழயே படுத்துக்கும், மேல ஏறி மழை மேகமா மாறாது, வெறும் பனிமூட்டத்தோட சரி.

செடியும் பாசியும் வெயில வச்சு செஞ்சதுல தன் செலவு போக மிச்சம் வைக்கறதுதான் நிகர உற்பத்தி. ஒரு சதுர மீட்டருக்கு ஒரு வருஷத்துக்கு, காஞ்ச எடையில, விட்டேக்கர்ங்கற அமெரிக்க சூழலியல் விஞ்ஞானி 1970கள்ல போட்ட கணக்குப்படி மழைக்காடு சுமார் 2200 கிராம், அப்வெல்லிங் கடல் 500, நடுக்கடல் 125, சுத்தப் பாலைவனம் வெறும் 3. அப்ப இங்க மணல்ல நின்னா 3, போட்ல ஏறினா 500!

இதே ட்ரிப்ல அமேசான் பக்கம் இக்கிடோஸும் போயிருந்தேன், அது 2200 ரகம், ஆனா நாளெல்லாம் நடந்தும் கண்ணுல பட்ட மிருகம் ரொம்பக் கம்மி. அங்க விளையறதுல பாதிக்கு மேல கட்டையும் வேரும் காஞ்ச சருகும், அத யாரு திம்பா? பாசி அப்படி இல்ல, சில நாள்லயே ரெட்டிப்பாகும், உடனுக்குடனே தின்னுடுவாங்க. நிலத்துச் செடி கொடி எடையில நூத்துல ஒரு பங்குகூட கடல் பாசி தேறாது, ஆனா உலக உற்பத்தியில கிட்டத்தட்ட பாதி அதோடது.

பறவை எச்சம் சேந்ததுதான் குவானோ உரம். இன்கா காலத்துலேந்தே வயலுக்குப் போட்டிருக்காங்க, 1864ல பராக்காஸுக்குப் பக்கத்துல இருக்கற சின்ச்சா தீவுகள ஸ்பெயின் பிடிச்சதுக்கும் இந்த உரத்துக்கு இருந்த மதிப்பு ஒரு முக்கியக் காரணம். எல் நினோ, அதாவது சில வருஷத்துக்கு ஒருதடவை பசிபிக் கடல் சூடாகறது, வந்தா காத்து சோந்துடும், சூடான தண்ணி மூடிக்கும், பாசி குறையும். 1970ல 1.2 கோடி டன் பிடிச்ச நெத்திலி 1972 எல் நினோவுல சரிஞ்சுது, அதுக்கு முன்னாடி அளவில்லாம அள்ளினதும் சேந்துதான். பிடிக்கற நெத்திலில பெரும்பங்கு மீன் மாவாப் போயிடுது, எனக்கு அது வயித்தெரிச்சல்தான்.

போறவங்க காலைல முதல் போட்டையே பிடிங்க, மதியத்துக்கு மேல காத்து ஏறிடும். ஜாக்கெட் எடுத்துக்கோங்க. தொப்பி கட்டாயம், வெயிலுக்காக மட்டும் இல்ல.