ஃபார்மட் அடிப்பதற்கு முன் ரேமைக் கழற்றுங்கள்

ஐந்து வருடப் பழைய லேப்டாப். முதலில் நாளுக்கு ஒருமுறை, விண்டோஸ் பிழை காட்டி நின்றுபோகும் நீலத் திரை, பிறகு மணிக்கு ஒருமுறை. கடைசியில் பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றும், கேப்ஸ் லாக் விளக்கு மினுக்கும், திரை மட்டும் கறுப்பாகவே கிடக்கும். என் மேசைக்கு வருவதற்குள் இரண்டு முறை விண்டோஸை ரீசெட் செய்து பார்த்திருந்தார்கள். இரண்டு முறையும் பாதியில் நின்று பழைய நிலைக்கே திரும்பிவிட்டதாம். மென்பொருளை விட்டுவிட்டு ஹார்டுவேரைச் சந்தேகப்பட அதுவே போதும்.

நல்லவேளை, நீலத் திரைகளைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தார்கள். மூன்று படம், மூன்றிலும் வெவ்வேறு பிழை: 'மெமரி மேனேஜ்மென்ட்', 'ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்', 'பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா'. ஒரே பிழையும் ஒரே கோப்பின் பெயரும் திரும்பத் திரும்ப வந்தால் டிரைவரை, அதாவது ஹார்டுவேரை இயக்கும் சிறு மென்பொருளைப் பிடிக்கலாம். இப்படி மாறி மாறி வந்தால் முதல் சந்தேகம் ரேம், அதாவது ஓடும்போது தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம். நீலத் திரையே இல்லாமல் பட்டென்று அணைந்தால் சூட்டையும் மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவான ஈவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' இருக்கிறது என்று புது சார்ஜர் வாங்குகிறவர்கள் உண்டு. பாவம்! முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதைத் தவிர அந்த வரி வேறெதுவும் சொல்வதில்லை.

சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்துப் பார்த்தேன். பலனில்லை. அடிமூடியைக் கழற்றினேன். திருகுகள் எல்லாம் ஒரே நீளம் இருக்காது. காகிதத்தில் மூடியின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வைத்துக்கொண்டால் குழப்பமில்லை. நீளத் திருகைக் குட்டைத் துளையில் முறுக்கினால் கீபோர்டுப் பக்கம் புடைத்துக்கொள்ளும். திறந்த கையோடு பேட்டரி கனெக்டரை எடுத்துவிட வேண்டும். அணைத்திருந்தாலும் மதர்போர்டில் மின்சாரம் இருக்கும்.

உள்ளே 8 ஜிபி ரேம் இரண்டு. இரு பக்கக் கிளிப்பையும் வெளிப்பக்கம் விலக்கினால் ரேம் தானாகச் சாய்வாக எழும்பும். முதல் ரேமை மட்டும் போட்டதும் லேப்டாப் ஓடியது. அதை எடுத்துவிட்டு, அதே ஸ்லாட்டில் இரண்டாவதைப் போட்டால் கறுப்புத் திரை. அதன் தங்க முனைகளைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் போட்டதும் அதுவும் ஓடியது! பலர் இந்த இடத்தில் மூடியை மாட்டிவிடுவார்கள். அடுத்த வாரம் அதே லேப்டாப் திரும்பி வரும்.

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐ பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்தேன். வரவில்லை என்றால், விண்டோஸுக்கு முன்பே வரும் பயாஸ் அமைப்புத் திரையில் செக்யூர் பூட்டை (கையொப்பமில்லாத மென்பொருளில் பூட் ஆகாமல் தடுக்கும் வசதியை) அணைக்க வேண்டியிருக்கும். அதற்கு முன்பு, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க ரெக்கவரி எண்ணை வேறெங்காவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் அதைக் கேட்டு நிற்கும், கோப்புகள் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ராத்திரி முழுக்க ஓடவிட்டதில் இரண்டாவது ரேம் முதல் சுற்றில் தேறிவிட்டது. அடுத்த சுற்றில் நான்கு பிழை. ஒன்று வந்தாலும் அந்த ரேம் ஆகாது. நல்ல ரேமை இரண்டு ஸ்லாட்டிலும் மாற்றிப் போட்டுச் சோதித்தேன், பிழையில்லை. ஆக, போர்டு தப்பித்தது.

விண்டோஸைத் தொட்டது அதற்குப் பிறகுதான். ரேம் கெட்டிருக்கும்போது டிஸ்க்கைச் சரிசெய்யப் போனால், தப்பான தரவையே டிஸ்க்கில் எழுதிவைக்கும். நல்ல ரேமோடு முதலில் லினக்ஸ் லைவ் பென் டிரைவில் (நிறுவாமலே ஓடும் லினக்ஸ்) பூட் செய்து கோப்புகளை வெளியே நகலெடுத்தேன். பிறகு ஹார்டு டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 5 (கெட்டு மாற்றப்பட்ட பகுதிகள்), 197 (சரியாகப் படிக்க முடியாத பகுதிகள்) ஆகிய எண்களைப் பார்த்தேன், இரண்டும் பூஜ்யம். 197 ஏறியிருந்தால், டிஸ்க் பிழைகளைத் தேடித் திருத்தும் செக்டிஸ்க்கை ஓட்டவே கூடாது. சாகக் கிடக்கும் டிஸ்க்கை முழுக்கப் படிக்கவைத்தால் அதோடு கதை முடிந்துவிடும். அடுத்து, விண்டோஸ் கோப்புகளைப் பழுதுபார்க்கும் இரண்டு கட்டளைகள்: முதலில் டிஸ்ம், அப்புறம் எஸ்எஃப்சி. எஸ்எஃப்சி நல்ல கோப்புகளை எடுக்கும் கிடங்கைப் பழுதுபார்ப்பது டிஸ்ம், அதனால்தான் இந்த வரிசை. முதல் ஓட்டத்தில் எஸ்எஃப்சி சில கோப்புகளைச் சரிசெய்தது, இரண்டாவதில் சுத்தம்.

புது ரேம் வாங்கும்போது பழையதன் ஸ்டிக்கரைப் பார்த்தே வாங்க வேண்டும். இதற்கு டிடிஆர்4, 260 பின், 3200 வேகம். டிடிஆர்5 ரேமில் வெட்டு இருக்கும் இடமே வேறு, ஸ்லாட்டில் உட்காராது. மாட்டி முதல்முறை ஆன் செய்தபோது ஒரு நிமிடம் போலத் திரை கறுப்பாகவே இருந்தது. புது ரேமோடு போர்டு பழகிக்கொள்ளும் நேரம் அது. பதறிப்போய் பட்டனை அழுத்தாமல் விட்டுவிட்டால் தானே வந்துவிடும்.